எட்டுப் புள்ளிக்கு ஒரு பல்

மும்பை குர்லா ஸ்டேஷனில், செம்பூர் பக்கம் போகும் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோதுதான் அந்தக் கட்டங்கள் என் கண்ணில் பட்டன.

என் மாணவி கூட்டத்தில் என் தோளோடு ஒட்டி நின்றபடி தன் போனை என் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள். தாராவியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி அவள் வீடு. கல்லூரியில் நான் அவளுக்கு ‘மிஸ்’, ரயிலில் ‘லாத்தா’, அதாவது அக்கா. அன்று பதினொரு மணிக்கு வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் அவள் பேச வேண்டும். போனில் இருந்தது அவள் காட்டப்போகும் படம். சிரியஸ் நட்சத்திரத்தின் ஒளி ஊதாவிலிருந்து சிவப்புவரை ஒரு பட்டையாக விரிந்திருந்தது. பட்டைக்குக் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள். எந்தக் கோடு எந்த நிறத்தில் விழுகிறது என்று அளந்தால், அந்த நட்சத்திரத்தில் என்னென்ன பொருள் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். அந்த ஆண்டு முழுக்க நான் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.

“லாத்தா, இந்த மெக்னீசியம் கோடு மட்டும் லேசா இருக்கு. புரொஜக்டர்ல தெரியுமா?”

இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். நிறங்கள் கலைந்து, குளியலறைச் சுவரில் ஓடு பதித்ததுபோலச் சின்னச் சின்னச் சதுரங்கள் தெரிந்தன. மெக்னீசியம் என்று அவள் குறித்திருந்த கோடு ஒரு சதுரத்தின் விளிம்பில் இருந்தது. இரும்பு என்று குறித்திருந்தது அடுத்த சதுரத்தின் விளிம்பில்.

“ஏளா, இது கேமராவுல இருந்து நேரா எடுத்த படமா?”

“கேமராவுல எடுத்ததுதான். நம்ம குரூப்ல போட்டோம்லா, அதுல இருந்து இறக்குனது.”

“எல்லாப் படமுமா?”

“பின்ன எப்படி? லேப்லதான் பென் டிரைவ் சொருவுத ஓட்டையெல்லாம் டேப் போட்டு அடைச்சி வச்சிருக்காவளே. வைரஸ் வந்துருமாம்.”

ரயில் வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஊரில் கல்யாணப் பத்திரிகை, டாக்டர் சீட்டு, தோல் பை தைப்பதற்கான டிசைன் எல்லாமே போனில் குரூப் வழியாகத்தான் போகிறது. போகும்போது படம் சுருங்கிவிடுகிறது. நீளத்திலும் அகலத்திலும் எட்டெட்டுப் புள்ளி, அதாவது பிக்சல், உள்ள சதுரங்களாகப் படத்தை வெட்டி, ஒவ்வொன்றையும் குத்துமதிப்பாக வைத்துக்கொள்கிறது. கல்யாண போட்டோவில் அது தெரியாது. ஆனால் நட்சத்திரத்தின் மெல்லிய ஒளிப்பட்டையில் ஒவ்வொரு சதுரமும் முடியும் இடத்தில் ஒரு சின்னப் படி விழுந்துவிடும். எங்களிடம் இருந்த மென்பொருள் எளிமையானது. வெளிச்சம் எங்கே குறைகிறதோ அங்கே வரைபடத்தில் ஒரு பள்ளம் போடும். அது நட்சத்திரம் போட்ட பள்ளமா போன் போட்ட பள்ளமா என்று அதற்குத் தெரியாது.

அவள் படத்தை மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, “அப்ப நாங்க கண்டுபுடிச்ச ஆறு உலோகம்?” என்றாள்.

“லேப்ல போயி பாப்போம்.”

அந்த ஆறு உலோகங்களைப் பற்றித் துறைத் தலைவி எல்லாருக்கும் சொல்லியிருந்தார். தேர்வாளருக்கு அனுப்பிய அழைப்பிலும் போட்டிருந்தார். நான் பரீட்சை மேற்பார்வைக்குப் போயிருந்த வாரத்தில் மாணவர்கள் அவற்றைக் கண்டுபிடித்து, காகிதத்தில் அச்செடுத்து அவரிடம் கொண்டுபோயிருந்தார்கள். வரைபடத்தில் பள்ளங்கள் நிறைய. தனிமங்களின் பட்டியலிலும் கோடுகள் நிறைய. பக்கத்தில் ஏதாவது ஒன்று பொருந்தத்தான் செய்யும்.

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. வாப்பா பை செய்யும் பட்டறையில் தோல் வெட்டுகிறவர். நான் எம்.எஸ்ஸி. முடித்து செம்பூரில் பாடம் எடுக்கப் போன பிறகு, எங்கள் கட்டடத்தில் எங்கள் கதவைப் ‘புரொபசர் வீடு’ என்று அடையாளம் சொல்கிறார்கள். அந்த வேலை ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கும் வேலை என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. நட்சத்திர ஒளியை அலசும் விருப்பப் பாடம் இருக்கும்வரைதான் அங்கே எனக்கு இடம். அந்தப் பாடம் தொடரலாமா என்பது அன்றைக்கு வரும் தேர்வாளரின் கருத்தைப் பார்த்து முடிவாகும் என்று துறைத் தலைவி முன்பே சொல்லியிருந்தார்.

பாடம் தொடங்கிய காலத்தில் உம்மா என்னைக் கேலி செய்தது உண்டு. “நட்சத்திரம் ராத்திரி வருது. ஒங்க காலேஜு பகல்ல நடக்கு. பொறவு என்னத்தப் பாத்துப் படிக்கும் அந்தப் புள்ளைய?” அதற்குப் பதில் சொல்லத்தான் முதல் வகுப்பையே ஊசியை வைத்து நடத்தினேன். ஒரு செருப்புப் பெட்டிக்குள் கறுப்பு ரெக்ஸின் ஒட்டி, வாய்ப்பக்கம் ஒரு தையல் ஊசியைச் செங்குத்தாக நிறுத்தி, மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். ஊசியின் மேல் சூரியன் ஒரு தலைமுடி அளவுக் கோடாக மின்னும். ஒளியைப் பிரிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து அந்த மின்னலைப் பார்த்தால், பக்கத்தில் ஒரு வானவில் தெரியும். வானவில்லுக்குள் கறுப்புக் கோடுகள். “சூரியனும் நட்சத்திரம்தான்” என்று அன்றைக்கு வகுப்பில் சொன்னேன். உம்மாவிடமும் சொன்னேன். “அப்படின்னா வெயில்ல துணி காயப்போடுதவ எல்லாம் காலேஜுல படிச்சவதான்” என்றாள்.

லேபைத் திறந்ததும் சிரியஸ் படத்தையும், இன்னொரு குழு எடுத்த திருவாதிரைப் படத்தையும் கணினியில் ஏற்றினோம். வழக்கமாக மென்பொருளில் நட்சத்திரப் புள்ளியின் மேல் ஒரு சொடுக்கு, தெரிந்த ஒரு கோட்டின் மேல் இன்னொரு சொடுக்கு. அதன் பிறகு வரைபடம் அலைநீளக் கணக்கில் வந்துவிடும். அன்று அதைச் செய்யவில்லை. படத்தின் இடது ஓரத்திலிருந்து எத்தனையாவது புள்ளி என்ற கணக்கிலேயே இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்தோம். ஒன்று வெள்ளை நட்சத்திரம், ஒன்று சிவப்பு. படத்தில் அவை இருந்த இடமும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் சீப்பின் பல்லைப்போலப் பள்ளங்கள். எட்டுப் புள்ளிக்கு ஒரு பல். இரண்டு சீப்பும் பல்லுக்குப் பல் ஒத்துப்போயின.

சிரியஸில் அந்தப் பற்களைவிட அகலமாகவும் ஆழமாகவும் மூன்று பள்ளங்கள் தனியாக நின்றன. மூன்றும் ஹைட்ரஜன். அவை மட்டும்தான் நட்சத்திரத்துடையவை.

“மூலப் படம் கார்டுல இருக்குமா?”

“ஆண்டு விழாவுக்கு போட்டோ எடுக்கணும்னு கார்டைத் தொடச்சிட்டாவ, லாத்தா.” கதவுப்பக்கம் யாரோ வரும் சத்தம் கேட்டதும், “மிஸ்” என்று திருத்திக்கொண்டாள்.

வந்தது துறைத் தலைவி. மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் பாலக்காட்டுக் குடும்பம் அவருடையது. அன்று பட்டுப்புடவை கட்டியிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும், “என்ன, ஜுரமா?” என்றார்.

திரையைக் காட்டி விளக்கினேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இரண்டு சீப்பையும் மாறிமாறிப் பார்த்தார். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. இயற்பியலில் என்னைவிட அனுபவம் உள்ளவர்.

“சரி. சிரியஸ்ல இரும்பு இருக்கா இல்லையா? உண்டுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சதாக்கும். புஸ்தகத்திலேயே இருக்கு.”

“இருக்கு மேடம். ஆனா நம்ம படத்துல தெரியல. சிரியஸ்ல அந்தக் கோடு ரொம்ப மெல்லிசு, இந்தக் கேமராவுல தெரியவும் தெரியாது.”

“அவர் வந்து எட்டுப் புள்ளி பத்துப் புள்ளின்னு எண்ணிண்டு இருக்கப் போறாரா? இன்னிக்கு இப்படியே போகட்டும். அடுத்த வருஷம் நன்னாப் பண்ணிக்கோ.” போகிறபோது வாசலில் நின்று சொன்னார்: “அடுத்த வருஷம்னு ஒண்ணு இருந்தாத்தானே நீ நன்னாப் பண்ண முடியும்.”

அவர் மிரட்டவில்லை. உள்ளதைச் சொன்னார். சொல்லப்போவது உண்மை, அதை நாங்கள் பார்த்தோம் என்பது மட்டும்தான் பொய். இவ்வளவு சின்னப் பொய்யை யார் கேட்கப்போகிறார்கள்? ‘புரொபசர் வீடு’ என்ற பெயர் அடுத்த மாதம் என்னவாகும் என்று நினைத்துப் பார்த்தேன். கீழ்வீட்டுக்காரி சிரிப்பதுகூட என் காதில் கேட்டது.

மாணவி நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். “என்ன செய்ய?”

“புள்ளிக் கணக்குல போட்ட வரைபடத்த முதல்ல காட்டு. ரெண்டையும் காட்டு.”

“எனக்கு மார்க் போவும். ஒங்களுக்கு என்ன, சும்மா சொல்லிருவிய.”

“எனக்கு வேலை போவும்.”

அதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பொய்யா என்று சோதிக்கிற பார்வை. பிறகு ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

“அப்ப ரெண்டு பேரும் ஒரே டிரெயின்ல அழுதுகிட்டே போவலாம். பேச்சுத் துணைக்கு ஆச்சு.”

தேர்வாளர் மராத்திக்காரர். ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஹிந்தியில்தான் எல்லாப் பேச்சும் நடந்தது. துறைத் தலைவி என் பக்கம் பார்க்காமல் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தார். குழுவில் இருந்த மற்ற இருவரும் புரொஜக்டர் அருகே, யார் முகத்தையும் பார்க்காமல் நின்றார்கள்.

மாணவி ஆறு உலோகங்களின் பெயரையும் சொன்னாள். அவற்றைத் தாங்கள் காணவில்லை என்றும் சொன்னாள். சீப்புகளைக் காட்டினாள். சதுரங்களைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

“அப்படியானால் இந்த ஆண்டு நீங்கள் கற்றுக்கொண்டது, குரூப்பில் போட்டோ அனுப்புவது எப்படி என்பது” என்றார் தேர்வாளர்.

புரொஜக்டர் பக்கம் ஒருவன் சிரித்துவிட்டு இருமினான்.

“அனுப்பக் கூடாது என்பது, சார்” என்றாள் அவள்.

“மிச்சம் மூன்று கோடு. ஹைட்ரஜன். எந்தப் புத்தகத்தைப் பார்த்தும் அந்த மூன்றையும் வரைந்துவிடலாம். மூலப் படமும் இல்லை என்கிறீர்கள். நீங்கள்தான் செய்தீர்கள் என்று நான் எதை வைத்து எழுதுவது?”

பேனாவின் மூடியைத் திறந்தார். துறைத் தலைவி மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது பேச வேண்டும் என்று எழுந்தேன். எனக்கு முன்னால் அவள் பேசிவிட்டாள்.

“இப்போது எடுத்துக் காட்டுகிறோம், சார். சூரியன் மேலேதானே இருக்கிறது. அதுவும் நட்சத்திரம்தான்.”

அவர் மூடியை மூடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். “எவ்வளவு நேரம்?”

“நீங்கள் டீ குடித்து முடிப்பதற்குள்.”

அவள் சொன்ன அளவுக்குச் சுலபமாக அது நடக்கவில்லை. விழாக் குழுவின் அலமாரியிலிருந்து கேமராவை வாங்கி, அதன் கண்ணுக்கு முன் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மாடிக்குக் கொண்டுபோனோம். செருப்புப் பெட்டி பீரோவுக்கு மேல் பத்திரமாக இருந்தது. ஊசிதான் மழைக்காலத்தில் துருப்பிடித்துப்போயிருந்தது. வெயிலில் வைத்தால் மின்னவே இல்லை. தேய்த்துப் பார்த்தேன். பழுப்புப் பொடி கையில் ஒட்டியது. தேர்வாளர் டீ கப்போடு மாடிக் கதவில் நிழலாக நின்றார்.

அவள் கழுத்துப் பக்கம் கையைக் கொண்டுபோய், தலையில் சுற்றியிருந்த துணியிலிருந்து ஒரு குண்டூசியை உருவினாள். புது ஊசி, பளபளவென்று இருந்தது. ரெக்ஸினில் குத்தி நிறுத்தினாள். காற்றில் துணி பறந்தது. நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, குனிந்து கேமராவைத் திருகினாள். ஊசியில் சூரியன் ஒரு கோடாக மின்னியது. கேமராத் திரையில் அந்தக் கோடும், அதற்குப் பக்கத்தில் வானவில்லும் வந்தன.

“கிடைச்சிட்டு” என்றாள், பல்லிடுக்கில்.

படம் கிடைத்துவிட்டது. அதைக் கணினிக்குள் கொண்டுபோக வழி இல்லை. லேபில் எல்லா ஓட்டையிலும் டேப். அதைப் பிரிக்க அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அலுவலகத்தில் சாப்பாட்டு வேளை.

“குரூப்பில் போட்டுவிடலாமே” என்றார் தேர்வாளர். அவர் முகத்தில் சிரிப்பு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

எல்லாரும் லேபில் நின்றோம். கேமரா என் கையில் சுட்டது. துறைத் தலைவி தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். தன் சொந்த லேப்டாப்பை எடுத்து மேஜையில் வைத்தார்.

“இதுல கார்டு போடலாம். பாஸ்வேர்டு அடிக்கறேன், அந்தப் பக்கம் திரும்பு.”

திரும்பிக்கொண்டேன்.

மென்பொருளை இறக்கி, படத்தைத் திறந்ததும் அவள் செய்த முதல் காரியம் எனக்குப் பிடித்திருந்தது. அலைநீளக் கணக்குக்குப் போகவில்லை. புள்ளிக் கணக்கில் வைத்து, எட்டுப் புள்ளிக்கு ஒரு பல் விழுகிறதா என்று ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தாள். விழவில்லை. அதற்குப் பிறகுதான் ஊசி மின்னிய கோட்டில் ஒரு சொடுக்கும், மஞ்சளில் சோடியத்தின் கறுப்புக் கோட்டில் ஒரு சொடுக்கும் வைத்தாள். மற்ற பள்ளங்கள் தாமாகவே தங்கள் இடத்தில் போய் உட்கார்ந்தன. சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றும் ஹைட்ரஜன். பச்சையில் மெக்னீசியம். அதற்குச் சற்றுத் தள்ளி, லேசாக, இரும்பு.

“இரும்பு” என்றார் துறைத் தலைவி.

தேர்வாளர் நாற்காலியை இழுத்துத் திரைக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். சிவப்பின் கடைசியில், ஹைட்ரஜன் கோட்டையும் தாண்டி, ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருந்த ஒரு பள்ளத்தில் பேனா முனையை வைத்தார்.

“இது சூரியனில் என்ன தனிமம்?”

பட்டியல் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் கை அதை நோக்கிப் போனது. அந்தப் பட்டியலில் அந்த இடத்துக்கு அருகிலும் ஏதாவது ஓர் உலோகம் இருக்கத்தான் செய்யும். என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பார்க்காமல் இருப்பது அவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அவள் கையைத் திரும்ப இழுத்துக்கொண்டாள்.

“இது சூரியன் இல்லை, சார். இது நம்முடைய காற்று. ஆக்சிஜன்.”

“மிஸ் சொல்லித்தந்தாரா?”

“சொன்னார். ஆனால் அதனால் சொல்லவில்லை. சாயங்காலம் எடுத்தால் தெரிந்துவிடும். சூரியன் இறங்க இறங்க வெளிச்சம் அதிகக் காற்றைத் தாண்டி வரும். இந்தக் கோடு மட்டும் இன்னும் கறுக்கும். மற்றது எல்லாம் அப்படியே இருக்கும்.”

“எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?”

“இல்லை, சார்.”

அவர் கடிகாரத்தைக் கையில் கட்டினார். “அப்படியானால் எடுங்கள். முழுப் படத்தையும் எனக்கு மெயிலில் அனுப்புங்கள்.” பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை. துறைத் தலைவியோடு படியிறங்கும்போது அவர் ஏதோ பேசிக்கொண்டே போனார். மராத்தி. இரைச்சலில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மதியம் முழுக்க யாரும் எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அவள் ஒரு கையால் துணியைக் கழுத்தோடு பிடித்துக்கொண்டு மறு கையால் வடாபாவ் தின்றாள். நான் தின்னவில்லை. வெயில் மஞ்சளாகிப் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டியைத் தொடுவதற்குச் சற்று முன்னால் மறுபடி படமெடுத்தோம். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு துறைத் தலைவியே மாடிக்கு வந்துவிட்டார். பட்டுப்புடவையோடு தண்ணீர்க் குழாய்மேல் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டார்.

இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தோம். சோடியம் கொஞ்சம் அசைந்ததுபோல இருந்தது, எனக்கு உறுதியில்லை. ஹைட்ரஜன் இரண்டும் இரும்பும் அப்படியே கிடந்தன. சிவப்பின் கடைசியில் இருந்த பள்ளம் மட்டும் மதியத்தைவிட ஆழமாகக் கீழே இறங்கியிருந்தது.

துறைத் தலைவி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சூரியன் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டது.

“ஒரு லெட்டர் எழுது” என்றார் என்னிடம். “லேப் கம்ப்யூட்டர்ல டேப்பெல்லாம் பிரிக்கணும்னு. நான் கையெழுத்துப் போடறேன். ஆபீஸ்ல மாசக்கணக்கா இழுப்பா. இப்போ குடுத்தாத்தான் அடுத்த வருஷம் பசங்க வரச்சே ரெடியா இருக்கும்.”

கேட்டது சரிதானா என்று தெரிந்துகொள்ள, “யார் பெயரில் எழுத, மேடம்?” என்று கேட்டேன்.

“உன் பெயர்லதான். பாடம் எடுக்கறது நீதானே.”

அவர் லேப்டாப்பை மூடிக்கொண்டு படியிறங்கினார். நான் கேமராவைத் துணியில் சுற்றினேன். செருப்புப் பெட்டியை மூடப் போனேன்.

“லாத்தா, மூடிராதிய” என்றாள் அவள், இன்னும் ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டு. “என் ஊசி உள்ள இருக்கு. குர்லாவுல இந்தக் கூட்டத்துல ஒத்தக் கையால நான் எப்படி ஏற?”